காடியில் ஒரு பேசும் வானொலி: கைக்காசுக்கு ஏற்ற செட் எது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. செம்பனைத் தோட்டம் ஒன்றில் டிராக்டர் ஓட்டும் தம்பி ஒருவர் தம் மனைவியுடன் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துண்டுத் தாள். நான்கைந்து வானொலி செட்டுகளின் பெயரும் விலையும் வாட் கணக்கும் அதில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன.

“அண்ணே, காடியில மாட்டிப் பேசுற வானொலி செட் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். தீபாவளிக்குச் சேர்த்த காசு கொஞ்சம் கையில இருக்கு. இதுல எது மலிவு, எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்,” என்றார்.

அவர் மனைவி சிரித்துக்கொண்டேதான் பேசினார். ஆனால் பேச்சில் காரம் இருந்தது. “நல்லா கேளுங்கண்ணே! ஆளுக்கொரு கைத்தொலைபேசி இருக்கு. அதுக்கே மாசாமாசம் காசு கட்டுறோம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு வேற. இது எதுக்கு இன்னொண்ணு?”

இருவர் கேட்டதும் நியாயமான கேள்விகள்தாம். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. செட், ஏரியல், வயர், பொருத்தும் கூலி என்று கூட்டிப் பார்த்தால் அதில் பாதியை விழுங்கிவிடக்கூடிய சாமான் இது. யோசிக்காமல் வாங்கலாமா? இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பல ஆண்டு பழக்கம் உண்டு. அன்று அவர்களுக்குச் சொன்னதையே நம் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

கைத்தொலைபேசி இருக்க இது எதற்கு?

முதலில் தங்கையின் கேள்விக்கு வருவோம். அன்றாடப் பேச்சுக்குக் கைத்தொலைபேசியே போதும். அதில் ஐயமே இல்லை. ஆனால் கைத்தொலைபேசி தானாகப் பேசுவதில்லை. பக்கத்தில் ஒரு கோபுரம் வேண்டும். அந்தக் கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். கோபுரங்களை இணைக்கும் கம்பி வேண்டும். இதில் ஒன்று அறுந்தாலும் கையில் இருப்பது வெறும் கைவிளக்குத்தான்.

2014 டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்தது நினைவிருக்கும். கோலக் கிராய் போன்ற இடங்களில் மின்சாரமும் போயிற்று, தொலைபேசியும் போயிற்று. அந்த நாட்களில் செய்தி கொண்டுபோக உதவியவர்களில் வானொலி அன்பர்களும் உண்டு. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி போர்ட் பிளேரில் இருந்தார். தம் வானொலிப் பொழுதுபோக்குக்காக அங்கே போயிருந்தவர் அவர். தொலைபேசி செத்துக் கிடந்த அந்த வேளையில், ‘வி.யு.4 ஆர்.பி.ஐ.’ என்ற தம் அழைப்புக்குறியோடு வானொலியில் அமர்ந்து, தீவுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்திகளைக் கொடுத்து வாங்கினார்.

இதைக் கேட்டவுடன் தம்பியின் முகம் மலர்ந்தது. “அப்படின்னா காடியில இருந்து இந்தியாவுக்கே பேசலாமாண்ணே?” என்றார்.

பேச முடியாது! இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த அம்மையார் பயன்படுத்தியது வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும் சிற்றலை. அந்தச் செட்டின் விலையும் வேறு, ஏரியலின் நீளமும் வேறு. தம்பியின் தாளில் இருந்தவை பக்கத்து ஊர்களுக்குப் பேசும் செட்டுகள். பட்டணம், தோட்டம், மலைப்பாதை, வெள்ளக்காலம் இவற்றுக்கு அவை பயன்படும். கடல் கடந்து பேசுவதற்கு அல்ல.

முதல் செலவு செட்டுக்கு அல்ல

“சரி, எந்தச் செட்?” என்று தம்பி மறுபடியும் தாளை நீட்டினார். “தாளை மடிச்சுப் பையில வைங்க தம்பி. உரிமம் இருக்கா?” என்று கேட்டேன். இல்லை என்றார்.

நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு வானொலிக்குத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் பொறுப்பில் இது நடக்கிறது. சட்ட விதிகளும் மின்சார, வானொலி அடிப்படைகளும் தேர்வில் வரும். தேறியவருக்கு ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். தீபகற்பத்தில் 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் குறிகளைக் கேட்கலாம். சபாவுக்கு 6-ஆம் எண், சரவாக்குக்கு 8-ஆம் எண். காடிக்கு எண் தகடு எப்படியோ, வானொலிக்காரருக்கு இந்தக் குறி அப்படி.

உரிமம் இல்லாமல் பேசுவது 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம். தண்டம் பெரிது, சிறைக்கும் இடமுண்டு. “யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று எண்ண வேண்டாம். வானொலி அலை எங்கிருந்து புறப்படுகிறது என்று கருவி வைத்துக் கண்டுபிடிப்பது பழகியவர்களுக்கு எளிய வேலை.

விதிகளில் மூன்றை வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒன்று: வியாபாரம் பேசக் கூடாது. குலை ஏற்றும் லோரி எங்கே நிற்கிறது, வாடகைக்கு ஆள் கிடைத்ததா என்ற பேச்சுக்கு இது இடமல்ல. தொழிலுக்குப் பேச வேறு உரிமம் இருக்கிறது.

இரண்டு: பேசுவது எல்லார் காதிலும் விழும். இரகசியக் குறிச்சொல் வைத்துப் பேசவும் கூடாது. ஆகவே, குடும்பச் சண்டையை வீட்டோடு வைத்துக்கொள்க!

மூன்று: எதிர்முனையில் பேசுபவருக்கும் உரிமம் இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவதைச் சொன்னபோதுதான் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ இவரு காடியில வாங்கி மாட்டிட்டு, வீட்டுல இருக்கிற என்கிட்ட பேச முடியாதா?” என்று கேட்டார். “உனக்கும் உரிமம் இருந்தால் பேசலாம் தங்கச்சி” என்றேன். தம்பி அதைப்பற்றி அதுவரை யோசிக்கவே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

தேர்வு எழுத விருப்பம் இல்லாத குடும்பத்துக்கு வேறு வழியும் உண்டு. 477 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வேலை செய்யும் சிறிய கைச்செட்டுகளை, சிரிம் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கினால், தனி உரிமம் இல்லாமலே பேசலாம். இரண்டு காடிகள் முன்னும் பின்னுமாகத் திருவிழாவுக்குப் போகும்போது அது போதும். ஆனால் பொழுதுபோக்கு வானொலிச் செட்டைத் திருகி அந்த 477-இல் பேச வைப்பது தவறு. அது வேறு வாசல். இது வேறு வாசல்.

எந்த அலை நமக்கு ஏற்றது?

உரிமம் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். இனித் தாளை எடுக்கலாம்.

காடிச் செட்டுகள் பெரும்பாலும் இரண்டு அலைகளில் வேலை செய்கின்றன. ஒன்று ‘இரண்டு மீட்டர்’ அலை; 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை. மற்றது ‘எழுபது சென்டிமீட்டர்’ அலை. 430 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். ஒரே அலை உள்ள செட் விலை குறைவு. இரண்டும் உள்ள செட் பெரும்பாலும் விலை கூடுதல்.

நம் தோட்டப்புறத்துக்கு எது நல்லது? செம்பனை மட்டையும் ரப்பர்க் காட்டின் இலையும் வானொலி அலையை உறிஞ்சும். மழையில் நனைந்த இலை இன்னும் அதிகமாக உறிஞ்சும். அலையின் எண் கூடக் கூட இந்த இழப்பும் கூடும். ஆகவே, தோட்டத்துக்குள் ஓடும் வண்டிக்கு இரண்டு மீட்டர் அலையே மேல். கட்டடங்கள் நெருங்கிய பட்டணத்தில் எழுபது சென்டிமீட்டர் அலை சந்துபொந்துகளில் நுழைந்து வரும்.

காசு குறைவாக இருந்தால், இரண்டு மீட்டர் மட்டும் உள்ள செட்டை வாங்கினாலே போதும். வாங்குமுன் ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கத்து அன்பர்கள் எந்த அலையில் பேசுகிறார்கள் என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். எல்லாரும் ஓர் அலையில் இருக்க, நாம் வேறோர் அலையில் தனியாக உட்கார்ந்து என்ன பயன்?

வாட்டைக் கண்டு மயங்காதீர்கள்

“இது 80 வாட், அது 25 வாட். 80-தானேண்ணே நல்லது?” என்றார் தம்பி.

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை வேறு. வாட்டை நான்கு மடங்கு கூட்டினால்தான், எதிர்முனையில் உள்ளவரின் செட்டில் ஒலியின் பலத்தைக் காட்டும் முள் ஒரே ஒரு கட்டம் உயரும். 25 வாட்டுக்கும் 80 வாட்டுக்கும் நடுவில் அந்த ஒரு கட்டம்கூட முழுதாக இல்லை.

தூரத்தைத் தீர்மானிப்பது வாட்டைவிட ஏரியலின் உயரமே. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. பூமியோ உருண்டை. இரண்டு மீட்டர் உயரத்தில் ஏரியல் உள்ள காடிக்கு, தடையற்ற சமவெளியில் ஏறக்குறைய 6 கிலோமீட்டரில் அடிவானம் வந்துவிடும். அப்படிப்பட்ட இரண்டு காடிகள் தமக்குள் பேச 11, 12 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். நடுவில் செம்பனைக் காடும் மேடும் இருந்தால் அதுவும் குறையும்.

அப்படியானால் அலோர் ஸ்டாரில் இருப்பவர் பினாங்கில் இருப்பவரிடம் பேசுவது எப்படி? அதற்குத்தான் மலைமேல் ‘ரிப்பீட்டர்’ வைத்திருக்கிறார்கள். நாம் பேசுவதை ஓர் அலையில் வாங்கி, அதே நேரத்தில் வேறோர் அலையில் திரும்பச் சொல்லும் நிலையம் அது. கெடாவின் குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் வானொலி அடிவானம் 140 கிலோமீட்டரைத் தாண்டும்! அத்தகைய மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தால் 10 வாட்டே தாராளம்.

ரிப்பீட்டர் வழியாகப் பேச, செட்டில் இரண்டு வசதிகள் இருக்க வேண்டும். கேட்கும் அலைக்கும் பேசும் அலைக்கும் இடைவெளி வைக்கும் வசதி ஒன்று; இரண்டு மீட்டர் அலையில் இது வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். ரிப்பீட்டரின் பூட்டைத் திறக்கும் மெல்லிய ‘டோன்’ ஒலியை அனுப்பும் வசதி மற்றொன்று. இன்றைய செட்டுகளில் இரண்டும் உண்டு. மிகப் பழைய செட்டில் டோன் இல்லாமல் இருக்கலாம். கேட்டு வாங்குங்கள்.

தாளில் இருந்த பெயர்கள்

தம்பியின் தாளில் இருந்தவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்துக் காட்டினேன்.

முதல் கூட்டம் ஜப்பானியக் கம்பெனிகளின் இரண்டு மீட்டர் செட்டுகள். கென்வுட் டி.எம்.-281ஏ (65 வாட்), ஐகாம் ஐ.சி.-2300எச் (65 வாட்), யாயேசு எஃப்.டி.-2900 (75 வாட்), அதற்குப் பின் வந்த எஃப்.டி.-2980 (80 வாட்) போன்றவை. உடம்பெல்லாம் கனத்த இரும்புபோல இருக்கும். பிற அலைகளின் இரைச்சலைத் தள்ளிவிட்டு நமக்கு வேண்டியதை மட்டும் கேட்பதில் கெட்டிக்காரச் செட்டுகள். புதிதாக வாங்க விலை கூடும். கைமாறிய பழைய செட்டாக வாங்கினால் நம் கைக்கு எட்டும்.

இரண்டாம் கூட்டம் சீனத்துச் சிறிய செட்டுகள். கியூ.ஒய்.டி. கே.டி.-8900 இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உள்ளங்கை அகலம்தான். ஏறக்குறைய 25 வாட். இரண்டு அலைகளும் உண்டு. சில நூறு வெள்ளியில் முடிந்துவிடும். சிறிய காடியில் வைக்க இடமும் அதிகம் வேண்டாம். ஆனால் இரண்டு குறைகளைத் தெரிந்து வாங்க வேண்டும். உடம்பு சிறியது என்பதால் நீண்ட நேரம் பேசினால் சுடும். விட்டுவிட்டுப் பேச வேண்டும். பெரிய ஒலிபரப்புக் கோபுரத்தின் அருகே போனால், வலுவான பிற அலைகள் புகுந்து காது குழம்பலாம்.

மற்றொரு எச்சரிக்கை. இத்தகைய செட்டுகள் பல, 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் பேசும். பேசும் என்பதற்காக நாம் பேசிவிடக் கூடாது. 156 மெகாஹெர்ட்ஸைச் சுற்றிக் கப்பல்கள் பேசுகின்றன. நம் எல்லை 144 முதல் 148 வரைதான். விரல் தவறினால் ஓர் ஆபத்துச் செய்தியின்மேல் நம் குரல் விழலாம். ஆகவே, நமக்கு உரிய அலைகளை மட்டும் செட்டின் நினைவில் பதிந்து வைத்துக்கொண்டு, அவற்றையே திருப்பிப் பழகுங்கள்.

எந்தச் செட்டானாலும் சிரிம் முத்திரை உள்ளதா என்று பாருங்கள். ஜப்பான் நாட்டுக்குள் விற்பதற்கென்று செய்த பழைய செட்டுகள் சில 144 முதல் 146 வரை மட்டுமே பேசும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, 147-இல் உள்ள ரிப்பீட்டருக்குப் பேச முடியவில்லையே என்று வருந்த வேண்டாம்.

ஏரியலில் கஞ்சத்தனம் வேண்டாம்

நான் செய்த தவற்றை இங்கே சொல்ல வேண்டும். என் முதல் செட்டை வாட் பார்த்துத்தான் வாங்கினேன். கைக்காசு முழுவதும் அதிலேயே போயிற்று. மிச்சமிருந்த சில்லறைக்கு ஒரு மட்டமான ஏரியலை வாங்கி மாட்டினேன். அளந்தும் பார்க்கவில்லை. வெளியே போக வேண்டிய சக்தி செட்டுக்கே திரும்பி வந்து, மூன்றாம் மாதம் பேசும் பகுதி கருகிவிட்டது. பழுது பார்த்த காசுக்கு இரண்டு நல்ல ஏரியல் வாங்கியிருக்கலாம்! என் மனைவி அதை இன்றும் நினைவுபடுத்தத் தவறுவதில்லை.

இரண்டு மீட்டர் அலைக்குக் கால் அலை நீள ஏரியல் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்குச் சற்று மேல். எளியது, மலிவு, முறியாது. இதைவிட நீளமான, ஏறக்குறைய 1.3 மீட்டர் ஏரியலும் உண்டு. அது சமவெளியில் இன்னும் நன்றாகப் பேசும். ஆனால் செம்பனை மட்டை தாழ்ந்து தொங்கும் தோட்டப் பாதையில் அது அடிபட்டே சாகும். தோட்டத்து வண்டிக்குக் குட்டை ஏரியலே நலம்.

ஏரியலை வைக்கச் சிறந்த இடம் கூரையின் நடு. இரும்புக் கூரை ஏரியலின் மறுபாதியாக வேலை செய்கிறது. ஓட்டை போட மனம் வராவிட்டால் காந்த அடி போதும். பழைய காடியின் கூரையில் ஓட்டை போட்டால், நம் ஊர் மழைக்குத் துரு பிடிப்பது நிச்சயம். காந்தத்தை வைக்குமுன் இரு பக்கமும் தூசி துடையுங்கள். இல்லாவிட்டால் பெயின்டில் கீறல் விழும். பின்பக்கம் ஃபைபர் மூடி போட்ட வண்டிகளில் அந்த மூடியின்மேல் காந்தம் ஒட்டாது. அங்கே முன்கூரையில்தான் வைக்க வேண்டும்.

வயரைக் கதவு ரப்பரின் ஓரமாக, நசுங்காத இடம் பார்த்து உள்ளே கொண்டு வாருங்கள். உள்ளே நுழையுமுன் வயர் சற்றுக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்; காடிக்குள் வராது.

மாட்டியவுடன், திரும்பி வரும் சக்தியை அளக்கும் மீட்டரால் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை என்ற கணக்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. மீட்டரை விலைக்கு வாங்க வேண்டாம். ஏதாவது ஒரு வானொலிச் சங்கத்து அன்பரிடம் கேட்டால் அரைமணி நேரத்தில் பார்த்துக் கொடுப்பார். பேசும் நேரத்தில் பிள்ளைகள் ஏரியலைத் தொடக் கூடாது, கை சுடும்.

பேட்டரியும் ஃபியூஸும்

50 வாட்டில் பேசும் செட் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகி ஓட்டுவது பெரிய செட்டுக்கு ஆகாது. வயர் சூடாகும், செட்டும் முழு பலத்தோடு பேசாது. பேட்டரியிலிருந்தே தனியாகத் தடித்த வயர் இழுக்க வேண்டும். பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். என்ஜின் பக்கத்துத் தகரத்தில் வயர் உராய்ந்து தோல் கிழிந்தால், ஃபியூஸ் இல்லாத வண்டி தீப்பிடிக்கும். காடியே நம் குடும்பத்தின் பெரிய சொத்து அல்லவா? இந்த ஓரிடத்தில் மட்டும், தெரியாவிட்டால் தெரிந்த மின்சாரக்காரரிடம் கொடுத்து விடுங்கள்.

என்ஜினை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் பேசினால் மறுநாள் காலை பிரட்டுக்குப் போக காடி கிளம்பாது. கேட்பதற்கு மின்சாரம் கொஞ்சமே போகும். பேசுவதற்குத்தான் அதிகம். வெள்ளக் காலத்தில் இதை மறக்கக் கூடாது. குறைந்த வாட்டில் வைத்துச் சுருக்கமாகப் பேசுங்கள்.

ஓட்டும்போது கையில் மைக் வேண்டாம். ஓரமாக நிறுத்திப் பேசுங்கள். ஒரு வார்த்தைக்காக ஓர் உயிர் போகக் கூடாது.

பழைய செட் வாங்கும்போது

பழைய செட்டை இருட்டில் வாங்காதீர்கள். விற்பவர் முன்னிலையிலேயே போட்டுப் பாருங்கள். கேட்கிறதா? மைக்கை அழுத்தினால் பேசுகிறதா? குறைந்த வாட், கூடிய வாட் இரண்டும் மீட்டரில் சரியாகக் காட்டுகிறதா? மைக்கின் சுருள் வயர் வெடித்திருக்கிறதா? முகப்பில் எண்கள் முழுதாகத் தெரிகின்றனவா? செட்டை நிறுத்தி மீண்டும் போட்டால், பதிந்து வைத்த அலைகள் நினைவில் இருக்கின்றனவா? பின்பக்கத் திருகாணிகளில் கீறல் இருந்தால், யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். ஏன் என்று கேளுங்கள். கூடவே மைக், மாட்டும் தகடு, ஃபியூஸோடு வந்த வயர் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். தனித்தனியாக வாங்கினால் ‘மலிவு’ ஓடிப்போகும்.

பத்துப் பங்குக் கணக்கு

அன்று தம்பிக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். தேர்வுக்கும் உரிமத்துக்கும் ஆகும் காசை முதலில் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மிச்சத்தைப் பத்துப் பங்காக்கி, ஆறு பங்குக்குள் செட்டை முடிக்க வேண்டும். மூன்று பங்கு ஏரியலுக்கும் அதன் வயருக்கும். ஒரு பங்கு பேட்டரி வயருக்கும் ஃபியூஸுக்கும். இந்தக் கணக்குக்குள் வராத செட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நமக்கு இப்போது ஆகாது.

இன்னும் சிக்கனமாகத் தொடங்க வேண்டுமா? 5 வாட் கைச்செட் ஒன்றை வாங்கிக்கொண்டு, காடிக்குள் போகும்போது அதைக் கூரைமேல் உள்ள காந்த ஏரியலோடு இணைத்துப் பேசலாம். காடிக்குள் அடைபட்ட குட்டை ரப்பர் ஏரியலைவிட இது பல மடங்கு நன்றாகக் கேட்கும். பின்னாளில் பெரிய செட் வாங்கினாலும் ஏரியல் அதேதான். மோட்டார் சைக்கிள் மட்டும் உள்ள வீட்டுக்கும் கைச்செட்டே பொருத்தம்.

அதே கைச்செட் வீட்டிலும் உதவும். தகரக் கூரைக்குக் கீழே அது சரியாகப் பேசாது. வெளியே ஒரு மூங்கிலில் ஏரியலை உயர்த்திக் கட்டலாம். ஆனால் மின்சாரக் கம்பி பக்கத்தில் கட்டவே கூடாது. மூங்கில் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். வானம் இருண்டு இடி முழங்கத் தொடங்குமுன் ஏரியல் வயரைச் செட்டிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே விட்டுவிட வேண்டும்.

முடிவில் நடந்தது

தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தார். 80 வாட் செட்டை அன்றே பசாருக்குப் போய் வாங்கும் எண்ணத்தோடு வந்தவர் அல்லவா? ஏமாற்றம் இருக்கத்தானே செய்யும்.

தங்கைதான் முதலில் பேசினார். “அண்ணே, அந்தத் தேர்வு கஷ்டமா?” என்றார்.

“அஞ்சாறு மாசம் பொறுமையா படிச்சா போதும் தங்கச்சி. கணக்கு கொஞ்சம் இருக்கும்.”

“கணக்கு எனக்கு வரும். இவருக்குத்தான் வராது,” என்று கணவரைப் பார்த்துச் சிரித்தார். “ரெண்டு பேருமே எழுதுறோம். தேறின பிறகு காசை எடுக்கலாம். அதுவரைக்கும் அது பேங்கிலேயே கிடக்கட்டும்.”

தம்பிக்கும் அது சரியென்றே பட்டது. போகும்போது என்னிடம் இருந்த பழைய பாடப் புத்தகத்தை இரவல் கேட்டார். கொடுத்தேன். மாலையில் பொழுது போகாத நாட்களில் என் வீட்டுக்கு வந்து, நான் பேசுவதைக் கேட்டுப் பழகவும் சொன்னேன். கேட்டுப் பழகாதவர் பேசிப் பழக முடியாது.

வாசகர்களே, வானொலி செட் என்பது கடையில் வாங்கி வைக்கும் அலங்காரச் சாமான் அல்ல. அது வேலை செய்ய இரண்டு மனிதர்கள் வேண்டும். ஒருவர் பேச, ஒருவர் கேட்க. மழைக்காலத்தில் ஆறு கரை உடைத்து, கைத்தொலைபேசி ஊமையாகிப்போன ஓர் இரவில், காடியில் இருக்கும் கணவர் தம் அழைப்புக்குறியைச் சொன்னால், வீட்டில் இருக்கும் மனைவி தம் குறியைச் சொல்லிப் பதில் கொடுக்க வேண்டும். அந்தப் பதிலுக்காகத்தான் இவ்வளவு செலவும்.

ஆகவே, முதலில் படியுங்கள். பிறகு ஏரியலைப் பாருங்கள். கடைசியாகச் செட்டைத் தேடுங்கள். இந்த வரிசையில் போனால் கைக்காசு வீணாகாது. வீட்டிலும் மனக்கசப்பு வராது.